துண்டுத்துணியில் ஒரு விதைப்பை

கோடை வந்துவிட்டால் செம்பனார்கோயில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிற்க இடம் இருக்காது. சம்பா, தாளடி அறுத்த வயலில் போட்ட பருத்தி அங்கேதான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நெல்லுக்கு அடிக்கிற மருந்தைவிடப் பருத்திக்கு அடிக்கிற மருந்து அதிகம் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். நம்ம மண்ணு, நம்ம ஆறு, நம்ம நுரையீரல் எல்லாம் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. அந்தப் பஞ்சு அரவை ஆலைக்குப் போய், நூற்பாலைக்குப் போய், தறிக்குப் போய், சாயம் ஏறி, துணியாகி, கடைசியில் தருமகுளம் கடைத்தெருவில் இருக்கிற தையற்கடைக்கே திரும்பி வருகிறது. அங்கே கத்தரியில் விழும் துண்டை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் சாக்கு சாக்காகச் சேரும். வாய்க்கால் கரையில் கொட்டிக் கொளுத்திவிடுவார்கள்.

அந்தத் தரைத் துணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் தையல் எதற்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பூம்புகாருக்குப் பக்கத்தில் பத்து மா நிலம். பாரம்பரிய நெல்லும், அதன்பின் உளுந்தும். நெல் விதையை நண்பர்களுக்குக் கொடுத்து வாங்குவது உண்டு. திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஏற்பட்ட வழக்கம்தான்: இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கணும். ஜெயராமன் 2018-ல் காலமானார். வழக்கம் நிற்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கிலோவை எதில் கட்டிக் கொடுப்பது? பல இடங்களில் பிளாஸ்டிக் பையில்தான் கொடுக்கிறார்கள். நம்மாழ்வார் படத்தை மேடையில் மாட்டிவிட்டு, கீழே பாலித்தீன் பையில் கருப்புக்கவுனி. பார்க்கச் சகிக்கவில்லை. பிளாஸ்டிக்கில் வைத்த விதை வியர்க்கும். சரியாகக் காயாத நெல்லாக இருந்தால் முளைப்புத்திறனே போய்விடும். விதை மூச்சு விடணும் என்றால் துணிப்பைதான் வேணும்.

துணி தேடித்தான் தையற்கடைக்குப் போனேன். கடைக்காரர் முப்பது வருஷப் பழக்கம். "மேனேஜர் சார், இது குப்பை சார். நீங்க எடுத்துட்டுப் போனா எனக்குப் பெருக்குற வேலை மிச்சம்" என்றார். ஒரு சாக்கை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் கொட்டியதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, இதுல பருத்தி எவ்வளவு?"

அந்தக் கேள்விதான் இந்த விஷயத்துக்கே ஆணிவேர். வங்கிப் புத்தி விடாதே, பிரித்து எடை போட்டேன். பதினோரு கிலோ சாக்கில் சுத்தப் பருத்தி நாலு கிலோகூட இல்லை. பாக்கியெல்லாம் பாலியஸ்டர், டெரிகாட்டன், ரவிக்கைக்கு வைக்கிற பளபளா லைனிங். பள்ளிச் சீருடைத் துணி முக்கால்வாசி கலப்புதான். எங்கள் ஊர்ப்பக்கம் மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் சேர்த்து நெய்த கட்டம் போட்ட கூறைப்புடவை ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு கல்யாணம் இருக்கும். இப்போது கல்யாண வீட்டுத் துணியிலேயே பெட்ரோலியம் இருக்கிறது.

பிரிக்கிற வழி சுலபம். சந்தேகமான துணியில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் வைத்து நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரியும், காகிதம் எரிகிற வாசனையே வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடிந்துபோகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். வாய்க்கால் கரையில் சாக்கோடு கொளுத்தும்போது காற்றில் போவதும் மண்ணில் தங்குவதும் என்னவென்று இந்த நாலு நூலே காட்டிவிடும்.

இன்னொரு சோதனையும் செய்தோம். கனடா, அமெரிக்கா பக்கம் உழவர்கள் மண்ணின் உயிரோட்டத்தைப் பார்க்க வெள்ளைப் பருத்தி உள்ளாடையைப் புதைத்து வைத்து, இரண்டு மாசம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். மண்ணில் நுண்ணுயிர் நிறைய இருந்தால் இடுப்புப்பட்டி எலாஸ்டிக்தான் மிஞ்சும். நம்மூரில் கோவணத்தைப் புதைக்கலாம், ஆனால் கோவணம் கட்டுகிறவர் யார் இருக்கிறார்? என் மனைவி வேறு மாதிரி செய்தாள். பருத்தித் துண்டு ஒன்று, பாலியஸ்டர் துண்டு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, ஒரு முழ நீளத்துக்கு ஒரு பட்டை தைத்தாள். உளுந்து வயலில் ஆறு அங்குல ஆழத்தில் புதைத்து ஒரு குச்சி நட்டேன். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் இதைச் செய்யாதீர்கள், ஈரப்பதம் மட்டும் இருக்கணும். அறுபதாம் நாள் எடுத்தபோது பருத்தி இருந்த இடமெல்லாம் ஓட்டை. இரண்டொரு இடத்தில் சிலந்தி வலை மாதிரி மிச்சம். பாலியஸ்டர் கட்டங்கள் சேறு கழுவியதும் கடையில் வாங்கின மாதிரி நின்றன. தையல் நூலும் பாலியஸ்டர்தான், அதுவும் அப்படியே. இப்போது அந்தப் பட்டை எங்கள் திண்ணையில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு மண்புழு உரம் பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட அதைக் கையில் கொடுப்பது மேல்.

ஒட்டுத்துணி என்றாலே நமக்கு ஏழ்மையின் அடையாளம். ஒட்டுப் போட்ட சட்டையை வெளியே போட மாட்டோம். ஆனால் ஒட்டுத்துணிக்கும் நெல்வயலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. புத்த பிக்குகளின் காவி ஆடை ஒரே துணி கிடையாது. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்பு கட்டிக் கட்டம் கட்டமாகக் கிடப்பதைப் பார்த்த புத்தர், அது மாதிரி ஆடை தைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநய நூல் சொல்கிறது. ஆனந்தர் துண்டுகளை வயலாகவும் தையலை வரப்பாகவும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். துண்டு போட்ட துணிக்கு விலை இல்லை, திருடனுக்கும் வேண்டாம், துறவிக்கு அதுதான் சரி. இன்றைக்கும் இலங்கைப் பிக்கு ஒருவரின் ஆடையை உற்றுப் பாருங்கள், மடையும் வரப்பும் தெரியும். பூம்புகாரில் பல்லவனேஸ்வரம் பக்கம் தொல்லியல் துறையினர் 1960-களில் தோண்டி எடுத்த புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் இன்னும் இருக்கிறது. அங்கே குடியிருந்த பிக்குகளும் இந்த வயல்காட்டு ஆடையைத்தானே போர்த்தியிருப்பார்கள்.

அதைவிட நெருங்கின சாட்சி சிலப்பதிகாரம். மருவூர்ப்பாக்கத்தில் இருந்த தொழிலாளர்களை இளங்கோ அடுக்கிச் சொல்லும்போது, துணி தைப்பவர்களைச் சொல்லிவிட்டு, கிழியாலும் கிடையாலும் குறையில்லாத வேலை செய்கிறவர்களையும் சேர்க்கிறார். கிழி என்றால் துணி, கிடை என்றால் நெட்டி. துணியிலும் நெட்டியிலும் பூவும் பொம்மையும் செய்தவர்கள். அந்த நெட்டி வேலை தஞ்சாவூரில் இன்னும் உயிரோடு இருக்கிறது, 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. துணி வேலை எங்கே என்றால், தேரைப் பாருங்கள். தேரில் உருளையாகத் தொங்குகிற தொம்பையும், தேர்ச்சீலையும், குடையும் தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கைகள் துணியை வெட்டி, சிவப்பு மேல் வெள்ளை, வெள்ளை மேல் பச்சை என்று வைத்துத் தைப்பவை. திருவாரூர் ஆழித்தேரில் மரம் பாதி உயரம்கூட இல்லை, மேலே எழும்புவதெல்லாம் மூங்கிலும் துணியும்தான். ஒட்டுத்துணியைத் தேரில் ஏற்றிக் கும்பிடுகிறோம், தோளில் போட வெட்கப்படுகிறோம்.

வெட்கம் என்றதும் 2005 ஜனவரி நினைவுக்கு வருகிறது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-ல்தான். சுனாமி வந்தபோது பூம்புகாரும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். நான் அப்போது அந்த மாவட்டத்தில் ஒரு கிளையில் வேலையில் இருந்தேன். நாடு முழுக்க இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. பிறர் கட்டிக் கழித்த கிழிசலை, பொத்தான் இல்லாத சட்டையை, ஏன் தொடணும்? கடலை நம்பி யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தவர்கள். சாலை ஓரமெல்லாம் துணிமேடு. மழையில் நனைந்து, மாடு மிதித்து, அப்படியே மண்ணோடு கிடந்தது. கொடுத்தவர்கள் தங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. டெல்லியின் கூஞ்ச் அமைப்பு அப்படிக் கழிந்துபோன துணிகளைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் வேலையை எடுத்துக்கொண்டது. அந்த அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 2005-ல், அதே கடற்கரையில், வேறொரு துணிக்கதையும் நடந்தது. ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் நடத்தும் உமா பிரஜாபதி, சுனாமியில் அடிபட்ட மீனவப் பெண்களைக் கூட்டி, தன் கூடத்தில் விழுந்த வெட்டுத்துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தார். பெயர் சுனாமிகா. விற்பனை கிடையாது. பரிசாகத்தான் கொடுப்பார்கள், விரும்பியவர்கள் நன்கொடை தரலாம். கடலைப் பார்க்கவே பயந்துபோய் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கையில் ஒரு வேலையும் பக்கத்தில் பேச ஆளும் கிடைத்தது. லட்சக்கணக்கில் அந்தப் பொம்மைகள் நாடு நாடாகப் போயின. மேட்டில் கிடந்ததும் துணிதான், பொம்மையானதும் துணிதான். ஒன்றை யாரோ கழித்துக் கட்டினார்கள், இன்னொன்றை யாரோ உட்கார்ந்து பொறுக்கிச் சேர்த்தார்கள்.

சரி, பைக்கு வருவோம். எங்கள் திண்ணையில் என் மனைவியோடு ஐந்து பெண்கள். நாலு பேருக்கு மிதி மிஷின் பழக்கம் உண்டு, ஒருவர் கைத்தையல்தான்.

முதலில் பருத்தித் துண்டுகளைத் தனித்தனி நிறமாக ஊறவைத்து அலசுகிறோம். புதுத்துணி சுருங்கும், சாயம் போகும். தைத்த பிறகு சுருங்கினால் பை கோணிக்கொள்ளும். அலசியதை லேசான வடிகஞ்சியில் முக்கிக் காயவைத்துத் தேய்க்கிறோம். சின்னத் துண்டு வளையாமல் விறைப்பாக நின்றால்தான் மிஷினில் வழுக்காது. கடைசியில் ஒரு தடவை துவைத்தால் கஞ்சி போய்விடும். அதைச் செய்யாமல் நெல்லைப் போட்டுவைத்தால் பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

மூன்றரை அங்குலத்துக்கு ஓர் அட்டையைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதை வைத்து, நூல் ஓடும் திசையிலேயே துணியை வெட்டணும். சாய்வாக வெட்டினால் இழுபடும். எல்லா ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, மூன்று அங்குலக் கட்டம் நிற்கும். குறுக்கே மூன்று, நெடுக்கே நாலு, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு பக்கத்துக்கும் இருபத்துநாலு துண்டு. மேலே இரண்டு அங்குலப் பட்டை வைத்து நாடா கோர்க்க மடிப்பு. இதில் இரண்டு கிலோ நெல் கொள்ளும், வாயைச் சுருக்கிக் கட்டவும் இடம் இருக்கும். இரண்டிரண்டு துண்டாக, நடுவில் நூலை வெட்டாமல் சங்கிலி மாதிரி ஓட்டிக்கொண்டே போனால் நேரமும் நூலும் மிச்சம்.

சதுரத்துக்குத் தேறாத ஒல்லிக் கீற்றுகளும் நிறைய விழும். அதைத்தான் எல்லாரும் தூக்கிப் போடுகிறார்கள். பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கீழே விரித்து, அதன்மேல் முதல் கீற்றை வைத்து, இரண்டாவதை அதன் முகத்தோடு முகம் வைத்து ஓரத்தில் தைத்து, பிரித்து மடக்கி, அடுத்ததை வையுங்கள். வேட்டி முழுக்க மூடினதும் அட்டையை வைத்துச் சதுரமாக நறுக்கிக்கொள்ளலாம். ஒரு விரல் அகலக் கீற்றுவரை பயன்படும். கைத்தையல் தெரிந்த அம்மா கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்களின் கவண்டிப் போர்வைப் படத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு மிஷினே வேண்டாமே என்றார். உண்மைதான். அவர்கள் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுப்பக்கம் நோக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு போகிறவர்கள், நாலு மூலையிலும் பூ வைக்காமல் போர்வையை முடிக்க மாட்டார்கள். எங்கள் அம்மாவும் இப்போது பையின் ஒரு மூலையில் பூ வைக்கிறார்.

பைக்கு உள்ளே பழைய வேட்டியில் லைனிங் கட்டாயம். வால் உள்ள நெல் தையல் இடுக்கில் ஏறிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து கலப்பு. போன வருஷத்து மாப்பிள்ளைச் சம்பா நாலு மணி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, இந்த வருஷம் கிச்சிலிச் சம்பாவோடு நாற்றங்காலுக்குப் போனால், ரகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

இனி கணக்கு. ஒரு பைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நியாயமான கூலி போட்டால் எழுபது, எண்பது ரூபாய்க்குக் குறையாது. ஆலையில் தைத்த பருத்திப் பை இதில் பாதி விலைக்குக் கீழே கிடைக்கும். அதனால் இதை விற்று லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் போன ஒரு பயிற்சி முகாமில், கடையில் புதுத்துணி மீட்டர் கணக்கில் வாங்கி வந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்ப ஒட்டக் கற்றுக் கொடுத்தார்கள்! கண்காட்சியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்ல துணியைக் கிழித்துத் தைப்பதற்குப் பெயர் சிக்கனமா, சொல்லுங்க பார்ப்போம்.

ஆரம்பத்தில் ஒரு பைக்கு ஒரு கிலோ பாரம்பரிய அரிசி என்று பேசிக்கொண்டோம். சந்தை விலைக்கு அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாசம் கழித்து அவர்களில் இளையவர் நேராகவே சொன்னார்: "அரிசி நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பஸ்ல அரிசியக் காட்டினா டிக்கெட் குடுப்பாங்களா? காசா குடுங்க." நியாயமான பேச்சு. பண்டமாற்று, தற்சார்பு என்று நாம் கூட்டத்தில் பேசுவது சரி, பிள்ளையின் பள்ளிச் செலவு ரூபாயில்தானே வருகிறது. இப்போது பாதி அரிசி, பாதி காசு. அந்தக் காசு என் பென்ஷனிலிருந்து போகிறது. இந்த வருஷம் எழுபது பை. வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், ஒருத்தர் பென்ஷனில் ஓடுகிற ஏற்பாடு நிலைக்காது.

அதனால் விதைத் திருவிழா நடத்தும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பந்தலுக்கு, ஒலிபெருக்கிக்கு, ஃபிளக்ஸ் பேனருக்கு ஒதுக்குகிற மாதிரி பைக்கூலிக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஒரு பேனரை விட்டால் எத்தனை பை வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். பை ஒருதடவைச் செலவும் இல்லை. இரண்டு கிலோவோடு போகிற பை, நாலு கிலோ வரும்போது கூடவே திரும்பி வரணும். நான் பற்றுவரவுப் பேரேட்டில் நெல்லுக்கு ஒரு பத்தி, பைக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறேன். பை வராவிட்டால் ஒரு கிலோ நெல் கூடுதல். அபராதம் என்றதும் பை ஒழுங்காகத் திரும்பி வருகிறது.

பாலியஸ்டர் ஏழு கிலோ என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கொளுத்தவும் இல்லை, எருக்குழியில் போடவும் இல்லை. கொஞ்சம் திண்டுக்குள் அடைத்தோம். நீளத் துண்டுகளைக் கயிற்றில் கட்டிக் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் குருவி விரட்ட வயலுக்குக் குறுக்கே கட்டினோம், வெயிலுக்கு வெளுக்காமல் நன்றாக ஆடுகிறது. அறுவடை அன்று ஒரு துண்டு விடாமல் அவிழ்த்து எண்ணி எடுக்கணும். மற்றது இன்னும் சாக்கில் இருக்கிறது. தையற்கடைக்காரர் இப்போது மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு வைத்திருக்கிறார். பருத்திச் சாக்கு நிறைய இரண்டு மாசம் ஆகிறது, மற்றது பதினைந்து நாளில் நிரம்பிவிடுகிறது.

பை வாங்கிப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்பட்டைக்குக் கீழே முதல் கட்டம்தான் ரகத்தின் அடையாளம். கறுப்பு என்றால் கருப்புக்கவுனி, மஞ்சள் என்றால் தங்கச்சம்பா, சிவப்பு மாப்பிள்ளைச் சம்பா, வெள்ளை கிச்சிலி. இருட்டில் விதைக்கோட்டையைத் தேடும்போது சீட்டைப் படிக்கணும் என்ற அவசியம் இல்லை. அந்தக் கட்டத்தை மாற்றாதீர்கள். தரையில் வைக்காமல் உத்தரத்தில் தொங்கவிடுங்கள், உள்ளே ஒரு பிடி காய்ந்த நொச்சி இலை போடுங்கள். திருப்பி அனுப்பும்முன் பையை உட்புறம் வெளியே வரும்படி பிரட்டி, தையல் ஓரங்களைத் தட்டி உதறி, ஒரு நாள் வெயிலில் போட்டு, நாடாவோடு அனுப்புங்கள். போன தடவை பதினாலு பை நாடா இல்லாமல் வந்தது.